எந்த வேலையைப் பார்த்தாலும் ஆசைப்பட்ட பெண்

என் எழுத்தைப் படிக்கச் சிரமமாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் தண்ணீர் ரிஜிஸ்டரில்தான். தெரு பெயர், திறந்த நேரம், மூடிய நேரம், கையெழுத்து. ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றைக் கூப்பிட்டால் இன்னொன்று வந்து நிற்கும். டைப் அடிக்கும்போது நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

எழுதச் சொன்னது இந்த வருஷம் வந்திருக்கும் காலேஜ் பிள்ளைகள். கோடை லீவில் எங்கள் முடிச்சூர் பக்கம் வந்து, ஊர் வேலை ஏதாவது ஒன்றில் இரண்டு மாதம் கூட நின்று, தங்களுக்கு எந்த வேலை சரிப்படும் என்று பார்த்துக்கொண்டு போகிறவர்கள். இன்டர்ன்ஷிப் என்கிறார்கள். வருஷா வருஷம் யாராவது வருவார்கள். "இதுக்கு முன்னாடி வந்தவங்கள்ல உங்களால மறக்கவே முடியாத ஒருத்தரைப் பத்திப் பேசுங்கண்ணா, வீடியோ எடுக்கறோம்" என்று போனை மூஞ்சிக்கு நேரே நீட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. நாலு பேர் பார்த்தால் என் சொந்தப் பெயரே எனக்கு மறந்துபோகும். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

ஆனால் யாரைப் பற்றி என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நினைத்த உடனே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் பெயரைப் போடவில்லை. அவளைக் கேட்காமல் போடுவது சரியில்லை. கேட்கலாம் என்றால் பழைய நம்பரில் வேறு யாரோ எடுக்கிறார்கள். நானும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். அதுவும் பத்து நாள் கழித்துத்தான்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். தெருக் குழாயில் தண்ணீர் விடுகிற வேலை. ஒவ்வொரு தெரு முனையிலும் ரோட்டில் ஒரு இரும்பு மூடி இருக்கும். பார்த்திருப்பீர்கள், மிதித்துக்கொண்டு போயிருப்பீர்கள். அதற்குள்ளே வால்வு இருக்கிறது. இடுப்பு உயர இரும்புச் சாவியை உள்ளே விட்டுத் திருகினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும். ஒரு தெருவுக்கு ஒரு நாள் காலை முறை, அடுத்த நாள் சாயங்கால முறை. தண்ணீர் வந்தால் என்னை யாரும் கவனிக்க மாட்டார்கள். வராவிட்டால் மொத்தத் தெருவும் கவனிக்கும். அப்போது நான் வால்வையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பதில் பேச வராது.

ஒரு மே மாதம், விடிந்தும் விடியாத ஐந்து மணிக்கு, முதல் தெரு முனையில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. தலையில் சுற்றிய துணிக்குள் போனைச் செருகிக்கொண்டு ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். "வந்துட்டேம்மா. அண்ணா இருக்காரு. கையில பெருசா ஒரு சாவி வெச்சிருக்காரு. வைக்கறேன், வைக்கறேன்." இறங்கி வந்து வணக்கம் சொன்னாள். நான் "ம்" என்றேன். அன்றைக்கு முழுவதும் "ம்"தான்.

அவள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. முதல் நாளே தன் சங்கதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பி.காம். கடைசி வருஷம் போகப் போகிறாள். அவளுடைய அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் சொல்வாள்) பெருங்களத்தூரில் குழாய்ச் சாமான் கடை.

"லீவு முடியறதுக்குள்ள ஒரே ஒரு வேலையைச் சொல்லணும்ணா. இதுதான் பண்ணப் போறேன்னு. சொல்லலைன்னா டிகிரி முடிஞ்ச மறுநாள் அத்தா கடையில உக்காரணும். பேசி முடிச்சாச்சு."

நான் "ம்" என்றேன். கடைக்கு என்ன குறை என்று நான் கேட்டதாகவே வைத்துக்கொண்டு பதிலும் சொன்னாள்.

"கடை நல்ல கடைதான். ஆனா எங்க அத்தா யார்கிட்டயும் பேச மாட்டாரு. வர்றவங்க சைஸ் சொல்லணும். இவர் பெட்டியில இருந்து எடுத்து வெப்பாரு. முக்கா இன்ச்சு, ஒரு இன்ச்சு, அவ்ளோதான் நாள் பூரா பேச்சு. நான் அங்க உக்காந்தா ஒரு வாரத்துல செத்துடுவேண்ணா."

அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. மற்ற நேரமெல்லாம் சிரிப்புதான். சிரித்தால் விக்கல் வரும். விக்கல் வந்தால் அதற்கும் சிரிப்பாள்.

இரண்டாம் நாள் என்னிடம் கேட்டாள். "அண்ணா, இந்த வேலையில உங்களுக்கு ரொம்பப் புடிச்சது என்ன?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் மனிதர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எப்போ தண்ணி வரும்? சாப்பிடும்போது யோசித்தேன். படுக்கும்போது யோசித்தேன். நாலாவது நாள் வால்வைத் திறந்துகொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், "காத்து" என்றேன்.

"என்ன காத்துண்ணா?"

தண்ணீருக்கு முன்னால் குழாயில் காற்று ஓடும். தெரு முழுக்க ஒவ்வொரு குழாயாகச் சீட்டி அடித்துக்கொண்டே போகும். எந்த வீட்டில் குழாயை மூடாமல் விட்டிருக்கிறார்கள் என்று இங்கே நின்றே எனக்குச் சொல்ல முடியும். இதை அவளிடம் சொல்லி முடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அவள் நடுரோட்டில் முட்டி போட்டு, மூடி ஓரத்தில் காதை வைத்துவிட்டாள். பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.

"அய்யோ அண்ணா! சீட்டி அடிக்குதுண்ணா! போகுது, போகுது, இப்ப நாலாவது வீடு!" எழுந்து நின்றாள். கன்னமெல்லாம் மண். "முடிவு பண்ணிட்டேன். இதுதான் என் வேலை."

பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் 'வால்வு ஆபரேட்டர்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது. பெருமையாகவும் இருந்தது. வீட்டுக்குப் போய் என் மனைவியிடம், "பி.காம். படிக்கிற பொண்ணு, என் வேலைக்கு வரப் போவுதாம்" என்று சொன்னேன். அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

அந்தப் பெருமை மூன்று நாள் இருந்தது.

காலை முறை முடிந்ததும் நாங்கள் இட்லி அக்கா கடைக்குப் போவோம். தள்ளுவண்டிக் கடை. அக்கா பேசினால் மூன்றாவது தெருவுக்குக் கேட்கும். அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டாள் இந்தப் பெண்.

"இன்னா புடிக்குமா?" அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "மூடியத் தொறக்கறேன் பாரு, அப்ப ஒரு ஆவி வந்து மூஞ்சில குப்புனு அடிக்கும். அது. பார்லர்ல போயி துட்டு குடுத்து ஆவி புடிச்சிக்கினு வராளுங்க. எனக்கு தெனம் சும்மா வருது. என் மூஞ்சியப் பாரு, சுருக்கம் கீதா?"

"இல்லவே இல்லக்கா!" என்று இவள் வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அக்கா மூடியைத் திறந்தாள். இரண்டு பேர் முகமும் ஆவிக்குள் மறைந்தன. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "இதுதான் என் வேலை! முடிவு பண்ணிட்டேன்!"

மறுநாள் காலை என் வேலை முடிந்து போனபோது இவள் இட்லி எடுத்துக்கொண்டிருந்தாள். துணியை ஈரப்படுத்தாமல் உரித்திருக்கிறாள். இருபது இட்லியும் துணியோடு போய்விட்டன. "பரவால்ல வுடு" என்று அக்கா அத்தனையையும் சுரண்டித் தாளித்து, இட்லி உப்புமா என்று விற்றுவிட்டாள். அன்றைக்கு அது சீக்கிரம் தீர்ந்தது. இந்தப் பெண் தட்டைக் கொடுத்துக்கொண்டே ஒவ்வொருவரிடமும் அவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டாள். ஆபீசுக்கு ஓடவேண்டியவர்கள் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கதை சொன்னார்கள்.

அப்புறம் தண்ணி லாரி. மேடவாக்கத்துக்கும் எங்கள் பக்கத்துக்கும் ஓடுகிற டேங்கர். டிரைவர் என்னைவிடச் சின்னவன், முன்கோபக்காரன். அவனிடம் கேட்டதற்கு, ரிவர்ஸ் எடுப்பதுதான் பிடிக்கும் என்றான். குறுகலான சந்துக்குள் பின்பக்கமாகவே லாரியை விடும்போது மொத்தச் சந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்குமாம். "அப்ப நான்தான் ஹீரோ" என்றான்.

இவள் லாரிக்குப் பின்னால் நின்று வழி காட்டப் போனாள். போனது அரை மணி நேரம்தான். ஒரு வீட்டின் பக்கவாட்டில் கட்டியிருந்த துணிக்கொடியை லாரி அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. லாரியின் முதுகில் ஒரு பூப்போட்ட நைட்டி கொடி மாதிரிப் பறந்துகொண்டே மேடவாக்கம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. டிரைவரிடம் கேட்டால், "நான் இன்னாண்ணா பண்ணுவேன்? வா, வா, வான்னு கல்யாணத்துக்குக் கூப்புடற மாதிரி கூப்புடுது. நானும் போய்க்கினே இருந்துட்டேன்" என்றான். கோபக்காரன் அதைச் சொல்லிவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். நைட்டிக்குச் சொந்தக்காரம்மாவுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்ததும் அவன்தான்.

நோட்டில் 'டேங்கர் டிரைவர்' ஏறியது.

ஹெல்த் சென்டர் நர்சம்மா கண்டிப்பானவர். சிரித்து நான் பார்த்ததில்லை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாளில் இவள் அங்கே குழந்தைகளைப் பிடித்துக்கொள்ளப் போனாள். மத்தியானம் நான் போனபோது இவள் பெஞ்சில் படுத்திருந்தாள். ஒரு குழந்தையின் அம்மா இவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஊசி போட்டது குழந்தைக்கு" என்றார் நர்சம்மா. "மயக்கம் போட்டது இது."

கண் திறந்ததும் இவள் சொன்னது, "மேடம், எழுதிக்கோங்க, நான் நர்ஸ்தான்." நர்சம்மா ரிஜிஸ்டரை முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டார். தோள் குலுங்கியது.

இப்படியே மே போனது. ஒவ்வொருவரிடமும் இவள் மனசாரத்தான் சொன்னாள். ஏமாற்றவில்லை. சொல்கிற நேரத்தில் அவளுக்கு உலகத்தில் வேறு வேலையே இல்லை. கண் அப்படி விரியும். நாமும் நம் வேலையைத் திரும்பிப் பார்ப்போம், அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று.

ஆனால் எனக்கு உள்ளே ஒரு வருத்தம் இருந்தது. வேறு வேலை ஏற ஏற, முதல் பக்கத்தில் என் வேலையை அடித்திருப்பாள் என்று நினைத்தேன். ஜூன் பிறந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு நாள் அவளே நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்தேன். எதுவுமே அடிக்கப்படவில்லை. பதினோரு வேலை இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டு கோடு.

"எட்டு நாள்தாண்ணா இருக்கு" என்றாள். "தெனம் ஒண்ணை அடிக்கலாம்னு பேனாவை எடுக்கறேன். எதை அடிக்கறது? நேத்து அத்தா சாப்பிடறப்ப கேட்டாரு. என்ன முடிவு பண்ணினன்னு. எனக்கு வாய் வரல. கடையில எனக்குன்னு ஒரு புது நாற்காலி வாங்கிப் போட்டிருக்காராம், அம்மா சொன்னாங்க."

விக்கலும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. எனக்குத்தான் வராதே. சாவியை அவளிடம் நீட்டினேன்.

அதுதான் தப்பு. இன்டர்ன் பிள்ளைகள் சாவியைத் தொடக் கூடாது என்பது ஆபீஸ் கண்டிஷன். பார்க்கலாம், எழுதிக்கொள்ளலாம், தொடக் கூடாது. ஆனால் அந்த முகத்தை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "ஒன்பதாம் குறுக்குக்கு டைம் முடிஞ்சுது. போய் மூடிட்டு வா. வலது பக்கம்" என்றேன். மறுபடியும் அந்தக் கண் விரிந்தது. சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடினாள்.

ஒன்பதாம் குறுக்குத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் லைனில் கடைசி. அதன் வால்வை நாலு சுற்றுதான் திறக்க வேண்டும் என்று என்றைக்கோ போட்ட உத்தரவு. இல்லாவிட்டால் முன்னால் இருக்கிற அபார்ட்மென்ட்டுகளுக்கு மேலே ஏறாது. அதனால் அங்கே எப்போதும் நூல் மாதிரித்தான் வரும். வந்தவரை வரட்டும் என்று குழாயைத் திறந்தே விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார்கள். இன்னொரு விஷயமும் உண்டு. எங்கள் வால்வு எல்லாம் வலது பக்கம் திருப்பினால் மூடும். அது ஒன்று மட்டும் வேறு யாரோ, வேறு காலத்தில் புதைத்த வால்வு. வலது பக்கம் திருப்பினால் திறக்கும். இத்தனை வருஷமாக என் கைக்கு அது தெரியும். கைக்குத் தெரிந்தது என் வாய்க்கு வரவில்லை. அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

அவள் வலது பக்கம் திருப்பினாள். முழு பலத்தோடு, இனிமேல் திரும்பாது என்கிற வரைக்கும். திரும்பி வந்து, "கெட்டியா மூடிட்டேண்ணா! ஒரு சொட்டு போகாது!" என்றாள்.

நான் முதல் தெருவைத் திறந்தேன். காற்று வந்தது. தண்ணீர் வரவில்லை. இரண்டாம் தெருவிலும் இல்லை. அபார்ட்மென்ட்டிலிருந்து ஒரு செக்ரட்டரி பனியனோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். அப்போது தூரத்தில் ஒரு கூச்சல் கேட்டது. சண்டையோ சாவோ என்று நினைத்து ஓடினோம்.

ஒன்பதாம் குறுக்கில் தண்ணீர். குழாய்க்குக் குழாய் தண்ணீர், குழாய்க்கு மேலே தண்ணீர். திறந்து விட்டிருந்த குழாயெல்லாம் பிய்த்துக்கொண்டு அடித்தது. குடம் நிரம்பி, அண்டா நிரம்பி, குக்கர் நிரம்பி, ஒருத்தர் ஹெல்மெட்டில் பிடித்துக்கொண்டிருந்தார். ஆபீசுக்குக் கிளம்பிய ஒரு ஆள் பேன்ட்டு சட்டையோடு குழாயடியில் உட்கார்ந்து சோப்பு கேட்டார். தண்ணி லாரி அந்த நேரத்துக்குத்தான் வந்து நின்றது. அதை ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "யண்ணா! என் பொழப்புல இப்புடி தண்ணிய ஊத்திட்டியே!" என்று கத்தினான். ஒரு அம்மா அவன் தலையில் ஒரு சொம்பு ஊற்றினாள்.

"யாரு தொறந்தது? யாரு தொறந்தது?" என்று கேட்டார்கள். இந்தப் பெண் அந்த நடுவில் நனைந்துபோய் நின்றாள். நான் ஓடிப்போய் வால்வைத் திருப்பிய திசையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் விக்கல் வெளியே வந்துவிட்டது.

பத்து மணிக்கு ஆபீசில் இன்ஜினியர் மேடம் முன்னால் நின்றோம். மேஜையில் அபார்ட்மென்ட் கம்ப்ளைன்ட் இருந்தது.

"யார் திருப்பினது?"

"நான்தான் மேடம். கை தப்பிடுச்சு" என்றேன்.

"மேடம், பொய். நான்தான்" என்றாள் இவள். "அண்ணா மேல தப்பில்ல."

மேடம் என்னைப் பார்த்தார். "உங்க கை தப்பாதுன்னு எனக்குத் தெரியும்." பிறகு அவளைப் பார்த்தார். "இதுக்கு நான் உன் சர்ட்டிபிகேட்டையே நிறுத்தலாம். தெரியுமா?"

இவள் தலையைக் குனிந்துகொண்டாள். சர்ட்டிபிகேட்டும் போனால் அத்தாவிடம் காட்ட ஒன்றுமே இருக்காது.

அதற்குள் ஒன்பதாம் குறுக்குப் பெண்கள் ஏழெட்டுப் பேர் காலிக் குடத்தோடு உள்ளே வந்துவிட்டார்கள். கம்ப்ளைன்ட் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். "மேடம், இன்னிக்குத் தண்ணி வுட்ட ஆபீசர் யாருன்னு சொல்லுங்க. அவங்களையே எங்க தெருவுக்குப் போடுங்க" என்றார்கள். மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரம் பேச்சு. கடைசியில், நாலு சுற்று இனிமேல் ஆறு சுற்று என்று உத்தரவு எழுதினார். ஆறு விட்டாலும் அபார்ட்மென்ட்டுக்கு ஏறத்தான் ஏறியது. முன்பே யாரும் விட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"சர்ட்டிபிகேட் தர்றேன்" என்றார் இவளிடம். "ஆனா கடைசி நாள் உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா. நான் பேசணும்."

கடைசி நாள் சாயங்காலம் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சுருக்கமே இல்லை. முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குப் பயமாக இருந்தது. என்னைப் போலவே பேசாத ஆள். ஆனால் அவர் பேசாமல் இருந்தால் மற்றவர்கள் பயப்படுவார்கள்.

மேடம் பேச ஆரம்பிப்பதற்குள் கதவு திறந்தது. இட்லி அக்கா வந்தாள். பின்னாலேயே டேங்கர் டிரைவர். அவனுக்குப் பின்னால் நர்சம்மா. பாப்பாவின் அத்தா வருகிறார், நாம் போய் நின்றால் பிள்ளைக்குத் தைரியமாக இருக்கும் என்று அக்காதான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள்.

"சொல்லும்மா" என்றார் அவர் மகளிடம். "ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு வேலை."

இவள் நோட்டைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"இன்னா பாய் இதுல யோசிக்க கீது?" என்றாள் அக்கா. "எங்கையிலதான் சொல்லிச்சு. இட்லி கடைதான்னு."

"யக்கா, சும்மா இரு. எங்கிட்ட லாரின்னுச்சு. அப்பால எப்படி உன் கடைக்கு வரும்?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க" என்றார் நர்சம்மா. "அந்தப் பொண்ணு நர்ஸ் ஆகப் போறேன்னு என் கையைப் புடிச்சிச் சொல்லியிருக்கு."

"நீங்க போட்ட ஊசியில மயக்கத்துல சொல்லியிருக்கும்மா அது!" என்றான் டிரைவர்.

"ஊசி அவளுக்கா போட்டேன்?"

பிடித்துக்கொண்டது சண்டை. மேடம் மேஜையைத் தட்டிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. அவளுடைய அத்தா ஒவ்வொரு முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில் கையைத் தூக்கினார். எல்லோரும் அடங்கினார்கள்.

"உங்க கடையில என்ன கத்துக்கிட்டா?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா கொஞ்சம் இழுத்தாள். "இருவது இட்லி துணியோட போச்சு பாய்."

"லாரியில?"

"ஒரு நைட்டி, பாய்."

அவருக்கு அது புரியவில்லை. நர்சம்மாவைப் பார்த்தார். நர்சம்மா, "மயக்கம்" என்று மட்டும் சொன்னார். என்னைப் பார்த்தார். மேடமே எனக்காகச் சொன்னார், "வால்வைத் தலைகீழாத் திருப்பிட்டா சார். ரெண்டு தெருவுக்குத் தண்ணி இல்ல."

"எல்லாத்தையும் கெடுத்திருக்கா" என்றார் அத்தா. "அப்புறம் எதுக்கு இவளுக்காக அடிச்சிக்கறீங்க?"

இவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் அந்தப் புது நாற்காலி தயாராக இருக்கிறது என்று எனக்கு ஞாபகம் வந்தது. என் வாய் எப்படித் திறந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

"பாப்பா கூட இருந்தா நல்லா இருக்கு பாய்" என்றேன். "நான் பேசவே மாட்டேன். இப்பப் பாருங்க, பேசறேன்."

"ஆமா சார்" என்றார் மேடம். "இவர் இவ்ளோ பேசி நானே இப்பத்தான் கேக்கறேன்."

அத்தா என்னைப் பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்தார்.

"கடைக்கு நீ வேணாம்மா."

இவள் பயந்துபோய் நிமிர்ந்தாள்.

"நீ வந்து உக்காந்தா, ஒரு எல்போ வாங்க வந்தவன் சாயங்காலம் வரைக்கும் நின்னு அவன் கதையைச் சொல்லிட்டிருப்பான். நான் எப்பக் கடையை மூடறது? டிகிரியை முடி. அப்புறம் உனக்கு எதுன்னு தோணுதோ அதுக்குப் போ. ஒண்ணைத்தான் சொல்லணும்னு இனி கேக்க மாட்டேன்."

விக்கல் வந்துவிட்டது. அக்கா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அப்ப மொதல்ல இட்லி" என்று காதில் சொன்னது எனக்கே கேட்டது.

இப்போது அவள் என்ன வேலையில் இருக்கிறாள் என்று உறுதியாகத் தெரியாது. ஏர்போர்ட் பக்கம் யூனிபார்மில் பார்த்ததாக டேங்கர் டிரைவர் சொல்கிறான். கையில் மைக் வைத்துக்கொண்டு யாரையோ கேள்வி கேட்டுக்கொண்டிருந்ததாக நர்சம்மா சொல்கிறார். நான் இரண்டையும் நம்புகிறேன்.

அன்றைக்கு நடந்த ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஆபீசை விட்டு வெளியே வந்ததும் அவளுடைய அத்தா என் பக்கத்தில் வந்தார். "தம்பி, அந்தத் தலைகீழ் வால்வு எங்க இருக்கு?"

ஒன்பதாம் குறுக்குக்கு அன்று சாயங்கால முறை. நடந்து போனோம். பாப்பாவும் மேடமும் கூட வந்தார்கள். மூடியைத் தூக்கினேன். அத்தா குனிந்து பார்த்தார்.

"நாலு இன்ச்சு" என்றார். "முப்பது வருஷமா விக்கறேன் தம்பி. பெட்டியில இருந்து எடுத்துக் குடுப்பேன். மண்ணுக்குள்ள போனப்புறம் இது என்ன பண்ணுதுன்னு ஒரு நாளும் பார்த்ததில்ல."

சாவியை அவரிடம் கொடுத்தேன். மேடம் ஒரு வீட்டு முருங்கை மரத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அத்தா சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "வலதுதானே?" என்று என்னைக் கேட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே ஆறு சுற்று திருப்பினார். காற்று கிளம்பியது. தெருவில் சீட்டி ஓடியது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அதன் பின்னால் தண்ணீர் ஓடுகிற அதிர்வு சாவி வழியாக ஏறி அவர் கைக்கு வந்தது. அது எனக்கு அவர் முகத்தில் தெரிந்தது. அந்த வால்வின் கழுத்தில் எப்போதும் கொஞ்சம் கசிவு உண்டு. அது பீய்ச்சி அவருடைய வெள்ளைச் சட்டையில் அடித்தது. அவர் விலகவே இல்லை.

"தம்பி" என்றார் மெதுவாக. "ஒரு தடவை மூடிட்டு மறுபடியும் தொறக்கட்டுமா?"

நான் என்ன சொல்வது? தொறங்க பாய் என்றேன். மூடினார், திறந்தார். இன்னொரு தடவை மூடினார். ஒன்பதாம் குறுக்கின் முதல் வீட்டிலிருந்து ஒரு அம்மா குடத்தோடு வெளியே வந்து, "யாருய்யா அது, தண்ணிய வெச்சு வெளையாடறது?" என்று கத்தினாள்.

அவர் சாவியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். இவள் ரோட்டின் நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, அந்தத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி பதில் சொன்னாள்.

"எங்க அத்தாதான்க்கா! இன்னிக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்காரு!"

எழுதி முடித்தது: ஜூன் மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, காலை முறைத் தண்ணீரை மூடிய பிறகு.